ஒரு தடவை மட்டும் செல்லும் கூப்பன்

எவளோ ஒருத்தி என் தம்பிக்கு வெச்சிருந்த கூப்பன்ல கையை வெச்சுட்டாம்மா. எவளோவா எவனோவா, அதுகூடத் தெரியாது. தெரிஞ்சிருந்தா இந்த ஆட்டம் காணுற நாற்காலியில டோக்கனைப் பிடிச்சுக்கிட்டு ஏன் உக்காந்திருக்கேன், நேரா அந்த வீட்டு வாசலுக்கே போயிருப்பேனே. எடுத்ததுதான் எடுத்தா, என்னத்த எடுத்தாங்கிற? ஒரு கால்மிதி. வீட்டுல இருக்கிற அத்தனை ஜன்னலுக்கும் கர்ட்டன் எடுத்தாலும் ஒரு காசு தர வேணாம்னு நான் போட்ட கூப்பன் அது. நூத்துக்கு நூறு தள்ளுபடி. அதை வெச்சுக்கிட்டு ஒத்தைக் கால்மிதி வாங்கியிருக்கா. திருடுறதுலயாவது ஒரு லட்சணம் வேணாமா?

உன் டோக்கன் எத்தனை? நாப்பதா. எனக்கு முப்பத்தெட்டு. அங்க இப்பதான் முப்பத்தொண்ணு நிக்குது. அந்தக் கவுன்ட்டர் பொண்ணு ஒவ்வொரு பெட்டியையும் தராசுல வெச்சுட்டு, பரீட்சை ரிசல்ட் பாக்குற மாதிரி முழிச்சுக்கிட்டு நிக்குறா. கூரியர் ஆபீஸ் நடத்துற லட்சணம் இது. சரி, நமக்கு நேரம் கிடக்கு. அந்த வயரைக் காதுல மாட்டாதம்மா, காது கெட்டுப்போயிடும்.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்... ஆங், கால்மிதி. அந்தக் கால்மிதி போய்ச் சேரலையாம். அந்த அட்ரஸ்ல வாங்க ஆளில்லைன்னு பார்சல் இங்கயே திரும்பி வந்து கிடக்குதாம். பெட்டி மேல பேரும் அட்ரஸும் இருக்குமில்ல? அதைப் பாக்கத்தான் வந்தேன். பாத்தேன்னா, அவளைக் கையோட இழுத்துக்கிட்டுப் போயி என் தம்பி முன்னாடி நிறுத்துவேன். இன்னைக்கு நாலு மணிக்குள்ள நிறுத்தணும். ஏன் நாலு மணின்னு பின்னாடி சொல்றேன்.

எனக்குக் கர்ட்டன் கடை. ரெண்டு ஷட்டர், மேல தையல் கூடம், மூணு மிஷின். இதெல்லாம் எவனும் தூக்கிக் குடுத்ததில்லை. பதினெட்டு வயசுல கால்மிதி மூட்டையைத் தோள்ல போட்டுக்கிட்டு மாடி மாடியா ஏறினவ நான். லிஃப்ட்ல ஏறினா வாட்ச்மேன் திட்டுவான். கதவைத் திறந்ததுமே கால்மிதிக்காரி வந்திருக்கான்னு உள்ள குரல் குடுப்பாங்க. என் பேரு என்னன்னு ஒருத்தரும் கேட்டதில்லை. அங்க படிச்ச படிப்புதாம்மா எனக்குப் படிப்பு. துணியை ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சுத் தேய்ச்சுப் பாக்குறவ வாங்குவா. சும்மா பாக்க வந்தோம்னு சொல்றவ கண்டிப்பா வாங்குவா. ரொம்ப நல்லாருக்குன்னு புகழுறவ இருக்காளே, அவ வாங்கவே மாட்டா, அவளுக்குத் தண்ணிகூடக் குடுக்கக் கூடாது. புருஷன்காரன் வாட்ச்சைப் பாக்க ஆரம்பிச்சா விலையைக் கொஞ்சம் ஏத்தணும். அவன் அங்கிருந்து போனாப் போதும்னு குடுத்துடுவான். விலை சொல்றதுன்னா மூஞ்சியப் பாத்துச் சொல்றதும்மா. அதைப் போயி கம்ப்யூட்டர்ல எப்படிச் சொல்றது?

ஆனாலும் சொல்ல வேண்டியதாப் போச்சு. எதிர்க்கடைக்காரன் ஆன்லைன்ல விக்கிறான், நான் மட்டும் ஷட்டரைத் திறந்து வெச்சுக்கிட்டு ஈ ஓட்டணுமா? அதுக்குன்னு ஒருத்தனைப் பிடிச்சேன். கண்ணாடின்னு கூப்பிடுவோம், மூக்குல இருக்கிறதைவிட நெத்தியிலதான் அதிகமா இருக்கும் அது. அவன் கடையைப் போட்டுக் குடுத்துட்டு, எல்லாத்துக்கும் ஒரே விலை எழுதுங்கன்னான். வர்றவன் போறவன் எல்லாருக்கும் ஒரே விலையா, இது என்ன பஸ் டிக்கெட்டான்னு கேட்டேன். அப்போதான் அவன் இந்தக் கூப்பன் சமாச்சாரத்தை எடுத்து விட்டான். ஆளுக்கு ஒரு விலை வேணும்னா ஆளுக்கு ஒரு கூப்பன் கோடு, அதான் ஒரு ரகசிய எழுத்து, போட்டுக் குடுங்கன்னான். அட, இதை மொதல்லயே சொல்லியிருந்தா ரெண்டு வாரம் திட்டு வாங்காம இருந்திருக்கலாமில்ல அவன்?

மொத்தம் எத்தனை வகை இருக்குங்கிற நீ. சதவீதக் கூப்பன் ஒண்ணு. இருபது சதவீதம்னு பெருசாப் போட்டுட்டு, அதிகபட்சம் இவ்வளவுதான்னு கீழ எறும்பு சைஸுக்குப் போட்டுக்கலாம். எனக்குன்னே செஞ்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் ஒரே தொகையாக் கழிக்கிறது. அதுக்கு இவ்வளவுக்கு மேல வாங்கணும்னு ஒரு கொக்கி போடணும். போடாம விட்டேன், ஒருத்தி தலையணை உறையை மட்டும் எடுத்துட்டு சைபர்னு கணக்கை முடிச்சுட்டா. டெலிவரி இலவசம்னு ஒண்ணு போட்டேன், எவனோ மலை உச்சியில உக்காந்துக்கிட்டு ஒத்தைக் கர்ட்டன் கொக்கி கேக்குறான். முதல் தடவை வாங்குறவங்களுக்குன்னு ஒண்ணு. அதுல பாத்தா ஒரே வீட்டுல புருஷன் முதல் தடவை, பொண்டாட்டி முதல் தடவை, மாமியார் முதல் தடவை. அந்த வீட்டு நாய்க்கு ஒரு ஈமெயில் இருந்தா அதுவும் முதல் தடவைதான்.

ரெண்டு வாங்கினா ஒண்ணு இலவசம், அது என் மூளை. சிரிக்காத, யோசிச்சுப் பாரு. ஜன்னலுக்குக் கர்ட்டன் ஜோடியாத்தானே மாட்டுவாங்க? ரெண்டு மாட்டிட்டா மூணாவது ஒண்டியாக் கிடக்கும். அதுக்கு ஜோடி தேடி அவளே வந்து நாலாவதை முழு விலைக்கு வாங்கிட்டுப் போவா. கண்ணாடி இதைக் கேட்டுட்டு நெத்தியில இருந்ததை எடுத்து மூக்குல மாட்டிக்கிட்டு என்னை ஒரு பார்வை பாத்தான்.

இருக்கறதிலேயே எனக்குப் பிடிச்சது படிக்கட்டுக் கூப்பன். பேரு நான் வெச்சது. கடையில பேரம் படியாம எந்திரிச்சுப் போறவங்களைப் படிக்கட்டு வரைக்கும் போக விட்டு, சரி வாங்க வாங்கன்னு கூப்பிடுவோமில்ல, அதே மாதிரி. கூடையில போட்டுட்டு வாங்காமப் போனா, ஒரு மணி நேரம் கழிச்சு தானாவே ஒரு கூப்பன் அவங்க போனுக்குப் போகும். ஒரு மாசம் நல்லாப் போச்சு. அப்புறம் சனங்க மோப்பம் பிடிச்சுட்டாங்க. கூடையை ரொப்பி வெச்சுட்டு, போனைப் பாத்துக்கிட்டு, கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துடுறாங்க. என் வித்தையை என்கிட்டயே காட்டுறாங்க. அதுலயும் ஒரு டீச்சரம்மா, ஒரு கூப்பன் மேல இன்னொரு கூப்பன்னு அஞ்சை அடுக்கி, படுக்கை ரூம் மொத்தத்தையும் நூல் விலைக்கு வாரிக்கிட்டுப் போயிடுச்சு. அடுக்கலாமான்னு ஒரு கட்டம் கேட்டுச்சாம், நான் ஆமான்னு தட்டிட்டேனாம். கேள்வியை அவன் தமிழ்ல கேட்டிருக்கணும்.

அதுலேருந்து ரொம்ப உஷாரு நான். கண்ணாடியும் தலையில அடிச்சுச் சொல்லிட்டான், எந்தக் கூப்பன் போட்டாலும் மொதல்ல நீங்களே சின்னதா ஒரு ஆர்டர் போட்டுப் பாருங்க, வேலை செய்யுதுன்னு தெரிஞ்சதும் அதை ரத்து பண்ணிடுங்கன்னு. ஒண்ணுகூட விடாமப் போட்டுப் பாத்துடுவேன். என்னை ஏமாத்த இன்னொருத்தி பொறந்து வரணும்.

முப்பத்தி நாலு ஓடுது. அந்த ஆளு என்ன குளிர்சாதனப் பெட்டியையா அனுப்புறாரு? ஒட்டுற டேப்பையே கால் மணி நேரமாத் தேடுறாரு.

என் தம்பியைச் சொன்னேன்ல. அவனுக்கு ஏழு வயசு, எனக்குப் பதினெட்டு, எங்களை நாங்களே பாத்துக்கணும்னு ஆகிப்போச்சு. மூணாவது மாடியில கடைசி ரூம். ஒரே ரூம், ஜன்னல் கிடையாது. ஜன்னல் இருக்கிற ரூமுக்கு வாடகை ஜாஸ்தி. இவன் தினம் ஜன்னல் ஜன்னல்னு உயிரை எடுப்பான். ஒரு நாள் எவளோ வேணாம்னு தள்ளின பூப்போட்ட துணியை வெறும் சுவத்துல ஆணி அடிச்சு மாட்டிட்டு, இதுக்குப் பின்னாடி ஜன்னல் இருக்குடா, திறந்தாக் குளிரும், திறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். நம்பிட்டான். ரெண்டு வருஷம் அந்தத் துணியைத் தொடவே இல்லை. இன்னைக்கு வரைக்கும் நான் மாட்டுன முதல் கர்ட்டன் அதுதான், அதுலயும் ஒரு கண்டிஷன் பாரு.

அவனை வளத்து, படிக்க வெச்சு, கடையில பக்கத்துல உக்கார வெச்சேன். எல்லாம் வந்துச்சு அவனுக்கு, பேரம் மட்டும் வரலை. எட்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு நர்ஸ் பொண்ணு வந்துச்சு. படுத்த படுக்கையாக் கிடக்கிற அவங்க அம்மா ரூமுக்குக் கர்ட்டன் வேணும்னுச்சு. இவன் முதல் மூச்சுலயே கடைசி விலையைச் சொல்லிட்டான். அந்தப் பொண்ணு குறைச்சுக் கேக்கக்கூட இல்லம்மா, வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டான். மாட்டுற கம்பியையும் சேத்துக் குடுத்துட்டான். எனக்கு வந்துச்சே... தையல்காரங்க, அந்தப் பொண்ணு, எல்லாரும் நிக்கிறப்பவே, இவனைக் கல்லாவுல உக்கார வெச்சா கடையைச் சுருட்டி ஜன்னல் வழியாத் தூக்கிக் குடுத்துடுவான், தண்டத்துக்குச் சோறு போட்டு வளத்தேன்னு கத்திட்டேன்.

தண்டச் சோறுன்னு சொன்னது கொஞ்சம் ஜாஸ்திதான். நீ அப்படிப் பாக்காத.

அவன் திருப்பிக் கத்தலை. கத்தியிருந்தா ஒருவேளை சரியாகியிருக்கும். கழுத்துல இருந்த அளவு டேப்பை எடுத்துச் சுருட்டி மேசை மேல வெச்சான். வாசப்படியில நின்னு, "அக்கா, நீ யாருக்காவது எதையாவது சும்மா குடுத்திருக்கியா? ஒரு கண்டிஷன் இல்லாம?"ன்னு கேட்டான். போயிட்டான். இப்போ ஒரு பெயின்ட் கம்பெனியில வேலை பாக்குறான்.

அவன் புதுசா வீடு வாங்கியிருக்கான்னு தெரிஞ்சுது. நான் ஒண்ணும் வேணும்னு போகலை, அந்தப் பக்கம் ஒரு வேலையாப் போனேன். சரி, ஏழு தடவை வேலையாப் போனேன். ஜன்னலைப் பாத்தேன் பாரு, பழைய நியூஸ்பேப்பர் ஒட்டி வெச்சிருக்கான். பன்னெண்டு வருஷம் கர்ட்டன் கடையில இருந்தவன் வீட்டுல பேப்பர். முன்னாடி நாலு ஜன்னல், பக்கவாட்டுல மூணு. பின்பக்கம் ரோட்டுல இருந்து தெரியலை.

எனக்கு மன்னிப்புன்னா எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியாதும்மா. தள்ளுபடின்னாத் தெரியும். அதான் அவனுக்குன்னு தனியா ஒரு கூப்பன் போட்டேன். நூறு சதவீதம். எத்தனை ஜன்னல் வேணும்னாலும். ஆனா ஒரே ஒரு தடவைதான் செல்லும், அதுவும் ஒரு வாரத்துக்குள்ள. கண்ணாடிகூடக் கேட்டான், தம்பிக்குத்தானே, இதுக்கு எதுக்குக் கட்டுப்பாடுன்னு. பின்ன? அவன் பொண்டாட்டியோட அக்கா, தங்கச்சி, சித்தி எல்லாம் வரிசையில வந்து நின்னா? பழக்கம்மா, கை தானாப் போகுது.

தம்பி பொண்டாட்டி மட்டும் நான் கூப்பிட்டா இன்னும் போன் எடுப்பா. நல்ல பொண்ணு, மூக்குதான் கொஞ்சம் மேல பாக்கும். அவகிட்ட அந்தக் கூப்பன் கோடைக் குடுத்தேன். அவ சொல்லித்தான் மத்தது தெரியும். ரெண்டு நாள் யோசிச்சானாம். அப்புறம் அவனே ஸ்டூல் போட்டு ஏறி பன்னெண்டு ஜன்னலும் அளந்தானாம். ரெண்டு பேருமா உக்காந்து துணி பாத்துப் பாத்து எடுத்தாங்களாம். கொஞ்சம் சிரிச்சான்னுகூடச் சொன்னா. கடைசியில கூப்பனைப் போட்டுத் தட்டினா, சிவப்பு எழுத்துல வந்துச்சாம், இந்தக் கூப்பன் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டுவிட்டதுன்னு.

எனக்கு ஒரே ஒரு வரி மெசேஜ் வந்துச்சு. எட்டு மாசத்துல முதல் மெசேஜ். "எனக்குமா அக்கா?"

அது ஏன் அப்படிக் கேட்டான்னா... இது நமக்குள்ள இருக்கட்டும். கடை ஆரம்பிச்ச புதுசுல தள்ளுபடிச் சீட்டுன்னு ரோட்டுல குடுப்போம். தேதி முடிஞ்சு போன சீட்டு. அதைத் தூக்கிக்கிட்டு வந்தவங்ககிட்ட, அடடா நேத்தோட முடிஞ்சு போச்சே, சரி உங்களுக்காகப் பாதி குறைக்கிறேன்னு சொல்லி வித்துடுவேன். அந்தச் சீட்டையெல்லாம் உக்காந்து எழுதினவன் அவன்தான். அவன் கையெழுத்து அழகா இருக்கும். அதான் கேக்குறான், எனக்குமான்னு. என் மனசறிஞ்சு நான் அப்படிச் செய்யலம்மா. சத்தியமா இல்லை. வேற கூப்பன் அனுப்பினேன், அவன் திறந்துகூடப் பாக்கலை. இன்னைக்கு நாலு மணிக்கு எதிர்க்கடைக்காரன் டேப்பை எடுத்துக்கிட்டு அவன் வீட்டுக்கு அளவெடுக்க வர்றானாம். என் தம்பி வீட்டு ஜன்னல்ல எதிர்க்கடைத் துணி தொங்கினா, அது தொங்குற வரைக்கும் அவன் என்கிட்ட பேச மாட்டான். அந்தத் துணி பத்து வருஷம் வரும், தரமான துணிதான். அதுக்குள்ள இந்தத் திருடியைப் பிடிச்சுக் காட்டணும்.

கண்ணாடிகிட்ட கேட்டேன், யாருடா எடுத்தான்னு. அவன் லிஸ்ட்டைப் பாத்துட்டு இருமுறான். பேரைச் சொல்லுடான்னா, நீங்களே கூரியர் ஆபீசுக்குப் போயிப் பாத்துக்கங்களேன்னு சொல்லிட்டு வண்டியை எடுத்துட்டான். எங்க பேக்கிங் பொண்ணைக் கேட்டா, அது உதட்டைக் கடிச்சுக்கிட்டு டேப்பைக் கிழிக்குது. அன்னைக்கே நான் உங்களைக் கேட்டேனே அக்கா, இந்தக் கால்மிதி ஆர்டரை அனுப்பிடவான்னு, நீங்கதான் ஆர்டர்னா அனுப்பு, என்னை ஏன் நச்சரிக்கிறேன்னு சொன்னீங்கன்னு என்மேலயே திருப்புது. ஒருத்தருக்கும் பொறுப்பு கிடையாது. போதாக்குறைக்கு டிராயர்ல கிடக்கிற என் பழைய போன் வேற, மூணு நாளா எவனோ கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். எடுத்து, எனக்கு லோனும் வேணாம் ஒண்ணும் வேணாம், வைடா போனைன்னு நாலு வாங்கு வாங்கினேன். வாயைத் திறக்கக்கூட விடலை அவனை.

முப்பத்தெட்டு. நான்தான். இந்தப் பையைக் கொஞ்சம் பாத்துக்கோம்மா, உள்ள அளவு டேப்பும் சாம்பிள் துணியும்தான் இருக்கு. இதோ வந்துட்டேன். இன்னைக்கு இருக்கு அவளுக்கு.

...

தள்ளி உக்காரு.

இல்ல, ஒண்ணும் இல்ல. பார்சலைக் குடுத்துட்டா. நீங்கதானான்னு அந்தப் பொண்ணு கேட்டா. நான் பெட்டியைப் பாத்தேன். ஆமான்னு சொல்லிட்டேன்.

நீயே படி. பேரு, கால்மிதிக்காரி. அட்ரஸ், மூணாவது மாடி, கடைசி ரூம். கீழ இருக்கிற நம்பர் அந்த டிராயர் போன் நம்பர். கூரியர்காரன் பேனாவுல எழுதியிருக்கான் பாரு, இந்த இடத்தில் கட்டடம் இல்லை, வண்டி நிறுத்துறாங்கன்னு. அதுக்குக் கீழ இன்னொண்ணு எழுதியிருக்கான். போன் எடுத்தவர் திட்டினார்.

சிரிம்மா. பரவாயில்லை, சிரிச்சுக்கோ.

போட்டுப் பாருங்கன்னு கண்ணாடி சொன்னான்ல, போட்டுப் பாத்தேன். இருக்கறதிலேயே சின்னச் சாமானா ஒரு கால்மிதி. பேரு கேட்டுச்சு, அட்ரஸ் கேட்டுச்சு. ரத்து பண்ணப் போறதுதானேன்னு விரல் போன போக்குல அடிச்சேன். எதையாவது அடிக்கணும்னு அடிச்சா விரல் போயி எங்க நிக்குது பாரு. சைபர்னு காட்டினதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ரத்துன்னு தட்டப் போறேன், ஒரு புருஷன் பொண்டாட்டி கடைக்குள்ள வந்தாங்க. அவன் வாட்ச்சைப் பாத்துட்டான்மா. நான் எந்திரிச்சுட்டேன். அதோட மறந்தே போச்சு. ஒரு தடவைதான் செல்லும்னு போட்டவளும் நான், அந்த ஒரு தடவையை முழுங்கினவளும் நான். எட்டு நாளா எவளோ எவளோன்னு ஊரைத் திட்டிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். கண்ணாடிக்குத் தெரியும், பேக்கிங் பொண்ணுக்குத் தெரியும். என் வாய்க்குப் பயந்துக்கிட்டு இங்க வரைக்கும் நடக்க விட்டிருக்காங்க.

முப்பத்தொம்போது ஆளைக் காணோம் போல. நாப்பது கூப்பிடுறாங்க, போ. உன் பெட்டிதான் சின்னது, சீக்கிரம் முடிஞ்சிடும். முடிச்சுட்டு வா, நான் இங்கதான்... அட, பெட்டியைக் குடுத்துட்டு அந்தப் பக்கமாப் போறாளே, அங்க ஒரு கதவு இருக்கா என்ன? போயிட்டா. வயரையும் மாட்டிக்கிட்டா.

சரி. இப்போ நீயும் நானும்தான். உன்னைத்தாண்டி சொல்றேன், ஏ கால்மிதிக்காரி. பெட்டியில பேரு போட்டிருக்குல்ல, ஒளிய முடியாது. இதுக்கு என்ன வழி சொல்ற? ஞாயித்துக்கிழமை போறியா? எதுக்கு, அவன் ஜன்னல்ல அடுத்தவன் துணி ஆடுறதைப் பாக்கவா? நாளைக்கா? இந்தத் தவணையெல்லாம் என்கிட்ட வேணாம், நான் எத்தனை பேரைப் பாத்திருக்கேன். மூணரை மணிக்குப் போறேங்கிறியா, எதிர்க்கடைக்காரன் சீக்கிரமே வந்துட்டா? மூணு மணியும் கிடையாது. ரெண்டும் கிடையாது. கடைசி விலை சொல்லிடுறேன், இப்போ. பிடிச்சா எடுத்துக்கோ.

பையில டேப் இருக்கு. நேராப் போயிக் கதவைத் தட்டு. அவன் திறக்கலைன்னா அவ திறப்பா. எவளோ எடுத்துட்டான்னு கதை விடாத, நான்தாண்டா எடுத்தேன்னு பெட்டியை நீட்டிக் காட்டு. கால்மிதியை வாசல்ல போட்டுட்டு, உள்ள போயி ஸ்டூல்ல ஏறி பன்னெண்டையும் நீயே அள. கோடு வேணாம், தேதி வேணாம், எத்தனை தடவைன்னு கணக்கு வேணாம். அவன் பொண்டாட்டியோட சித்தி வந்து நின்னாலும் நிக்கட்டும். சும்மா குடு. ஒரு தடவையாவது சும்மா குடுத்துட்டு வாயை மூடிக்கிட்டு நில்லு.

இதைக் கெடுத்தவ நீ. வேற எவளும் வந்து சரி பண்ண மாட்டா. எந்திரி, போயிச் சரி பண்ணு.